கான்டெஸாவுக்கு எந்த எஞ்சின்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழில் பழைய கார்களை வாங்கி எஞ்சினை மாற்றி ஓட்டும் இளைஞர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் பிரமாதம். ஆனால் கட்டுரை நெடுக எத்தனை குதிரைத் திறன் என்ற பேச்சுதான். அந்தக் குதிரைகளை எந்த லாயத்தில் கட்டப்போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. நான் எண்ணூரில் லாரி தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் எஞ்சின் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், ஒன்றரை வருடமாக என் தங்கச்சி மகனின் கான்டெஸாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

வண்டி 1990 மாடல் கான்டெஸா கிளாசிக். இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் என்று ஓடிய காரின் அச்சுகளை வாங்கிவந்து கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்தது. முதலில் வந்த வண்டிகளில் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினையே வைத்தார்கள். அவ்வளவு நீள உடம்புக்கு 50 சொச்சம் குதிரை. கல்யாண மாப்பிள்ளைக்குத் தம்பியின் சட்டையைப் போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஜப்பான் இசுசுவின் 1817 சிசி எஞ்சினும் 5 கியர் பெட்டியும் வந்தபோதுதான் அந்தக் கார் தன் முகவெட்டுக்கு ஏற்றபடி ஓடியது. 85 குதிரைக்குச் சற்று மேல். இன்றைய பிள்ளைகளுக்கு அது சிரிப்பாக இருக்கும். ஆனால் பின்சக்கரம் தள்ளும் வண்டி, நீண்ட பானட், நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் செடான் என்று அன்று கைகாட்ட வேறு என்ன இருந்தது?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சோழவரத்தில். எழுபதுகளில் கொருக்குப்பேட்டையிலிருந்து நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் மாதவரம், செங்குன்றம் வழியாகப் போய், அந்தப் பழைய ராணுவ விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயத்தைப் பார்ப்போம். டிக்கெட் எடுத்ததாக ஞாபகம் இல்லை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்த பிறகு பந்தயமெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வடக்கே இருப்பவர்களுக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கான்டெஸாவின் எஞ்சின் செத்தது வேகத்தால் அல்ல. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில், மே மாத மதியம், 50 நிமிடம் நின்றதால். ரேடியேட்டர் பாதி அடைத்துக்கிடந்தது, தங்கச்சி மகன் அதைக் கவனிக்கவில்லை. முள் சிவப்புக்குப் போனதும் எஞ்சினை அணைத்திருக்கலாம். பையன், ‘காசிமேடு தாண்டினா காத்து வரும்’ என்று நம்பி ஓட்டியிருக்கிறான். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளைந்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் இரண்டாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் விரிசல். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் செய்யலாம். விரிந்த பிளாக்கை என்ன செய்வது?

அப்போதுதான் எந்த எஞ்சின் என்ற கேள்வி வந்தது. பையன் போனை நீட்டி, ‘மாமா, டூ ஜேசெட் இறக்கிரலாம்’ என்றான். டொயோட்டாவின் 2ஜேசெட். வரிசையாக ஆறு சிலிண்டர், 2997 சிசி, இரட்டை டர்போ வைத்தது ஜப்பான் கணக்கில் 280 குதிரை. அருமையான எஞ்சின், இரும்புப் பிளாக், நான் குறை சொல்ல மாட்டேன். கான்டெஸாவில் ஜப்பான் ஆறு சிலிண்டரை இறக்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பையனிடம் கேட்டது ஒன்றுதான். 280 குதிரை பின் ஆக்ஸிலுக்குள் சுற்றும் பல்சக்கரமான கிரவுன் பினியனுக்குப் போகும்போது, 85க்குக் கணக்குப் போட்ட பல் என்ன ஆகும்? பின் ஆக்ஸிலை மாற்ற வேண்டும். ஆக்ஸில் மாறினால் கியர் பெட்டியிலிருந்து அதற்கு ஓடும் ஜாயின்ட் சாஃப்டை வெட்டி நீளம் திருத்தி பேலன்ஸ் செய்ய வேண்டும். கியர் பெட்டி பெரியது, நடுச் சுரங்கத் தகட்டை வெட்ட வேண்டும். அப்புறம் பிரேக். முன்னால் ஒரு டிஸ்க், பின்னால் டிரம், அதை வைத்துக்கொண்டு 280 குதிரையை நிறுத்துவேன் என்பவன் உயிரோடு விளையாடுகிறான். கடைசியில் கான்டெஸாவில் மிஞ்சுவது கதவும் முகப்பு விளக்கும்தான்.

அடுத்து ஹோண்டா சிட்டி. 2000இல் வந்த விடெக், 1.5 லிட்டரில் 106 குதிரை. ஆசைப்படலாம். ஆனால் அது முன்சக்கரம் இழுக்கும் காரில் குறுக்காகப் படுத்திருக்கும் எஞ்சின். அதை நெடுக்காகத் திருப்பி வைத்தால் அதற்குப் பொருந்தும் பின்சக்கரக் கியர் பெட்டி வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் அடாப்டர் தகடு கடைய வேண்டும். அதில் மையம் ஒரு மயிரிழை தவறினாலும் கியர் பெட்டியின் உள்சாஃப்ட் பேரிங் ஆறு மாதத்தில் அழுதுவிடும். எஞ்சின் தேடும் தம்பிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தூக்கப்போகும் எஞ்சின் எந்த வண்டியில் நெடுக்காக இருந்தது? அதன் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப் முன்னால் தொங்குகிறதா, பின்னாலா? உங்கள் வண்டியின் அடிச்சட்டமான கிராஸ் மெம்பர் எங்கே குறுக்கே ஓடுகிறது? இரண்டும் ஒரே இடத்தில் வந்தால் எஞ்சின் உட்காரவே உட்காராது. உட்கார வைக்க பானட்டில் ஓட்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் உட்காருமா என்று பார்க்க, அதன் அளவுக்குத் தெர்மோகோலில் பெட்டி செய்து நாங்கள் அளந்தோம். மீன் ஐஸ் வைக்கும் பெட்டிகள் காசிமேட்டில் கொஞ்சமாகவா கிடைக்கும்? நாற்றம்தான் இரண்டு வாரம் போகவில்லை.

டீசல் யோசனையும் வந்தது. குவாலிஸின் 2446 சிசி, இன்னோவாவின் 2494 சிசி, இரண்டுமே நெடுக்காக உட்காரும் எஞ்சின்கள், உழைக்கும் சாதி. இன்னோவாவினது கம்ப்யூட்டர் சொல்படி நடக்கும் காமன் ரெயில். அந்தக் கம்ப்யூட்டரான ஈசியூ, சாவியின் பூட்டு, வயரிங் முழுசும் சேர்த்து வாங்காவிட்டால் வெறும் இரும்புக் கட்டிதான். அதையும் சமாளிக்கலாம். ஆனால் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியை டீசலாக்கினால், எஞ்சின் நம்பரோடு எரிபொருளும் மாறிப்போகும். தலைவலி இரட்டிப்பு. போதாக்குறைக்கு, கான்டெஸாவில் டீசலின் படபட சத்தம் எனக்கு ஆகாது. இது என் சொந்த வீம்பு, சட்டம் இல்லை.

பதில் தெருக்கோடியிலேயே இருந்தது. தொண்ணூறுகளில் அம்பாசிடருக்கும் அதே இசுசு 1.8 எஞ்சினை வைத்தார்கள். ராயபுரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் ஓட்டி முடித்த அம்பாசிடர் ஒன்றை, பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் தட்டு வியாபாரிக்குப் பேசி வைத்திருந்தார். நல்லவேளை, அது பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரித்துப் பரத்தப்படுவதற்குள் நாங்கள் போய்விட்டோம். வண்டியோடு ஓடும் நிலையில் எஞ்சினைப் பார்ப்பது வேறு, கடை வாசலில் கிரீஸ் பூசி நிற்பதைப் பார்ப்பது வேறு. காலை ஆறு மணிக்கே போய், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். முன்னாடியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியைத் திறந்தால் மெல்லிய மூச்சு, அவ்வளவுதான். புகை தள்ளவில்லை. பிளக்கை நாலையும் கழற்றி, சிலிண்டரின் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்தேன், ஒன்றுக்கொன்று 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இல்லை. நாலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் கவலையில்லை, ஒன்று மட்டும் படுத்திருந்தால்தான் பயம். அவருடைய ஆர்.சி., விற்பனைக் கடிதம், அடையாள அட்டை நகல் எல்லாம் வாங்கிக்கொண்டோம். தட்டு வியாபாரி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கி இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பழைய கியர் பெட்டி, பழைய ஆக்ஸில், பழைய சாஃப்ட் எல்லாம் அப்படியே. கிரைண்டரை எடுக்கவே இல்லை. எஞ்சினைவிட ரேடியேட்டருக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். மூணு ரோ செம்பு கோர் போட்டு, நின்ற இடத்திலும் காற்று இழுக்க தெர்மோஸ்டாட் சுவிட்சோடு மின்விசிறி வைத்தேன். கன்டெய்னர் வரிசை நம் வாழ்நாளில் ஒழியப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990இல் செய்த ரப்பர் குழாய்க்கும் பம்ப் டயாஃப்ரத்துக்கும் எத்தனால் ஆகாது, ஊறிக் கரையும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டர் கலவையும் நீர்த்துப்போய் எஞ்சின் சூடாகும். குழாய் எல்லாவற்றையும் மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிய பிறகுதான் பிளக் முனை வெளுப்பு மாறி காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது. எந்தப் பழைய எஞ்சினைத் தேர்ந்தாலும் இதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

இனி நான் இந்தக் கடிதம் எழுதியதற்கான காரணம். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. எனக்கு அதில் சண்டை இல்லை. கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டி என் பேத்தி போகும் தெருவில் ஓட வேண்டாம். ஆனால் அதே பிரிவு, பத்துக்குக் குறையாமல் போக்குவரத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் அனுமதியில்லாமல் மாற்றிக்கொள்ள அரசு அதிகாரம் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. அதாவது அதே வகை எஞ்சின் என்பது ஆபத்தில்லாத மாற்றம் என்று சட்டத்துக்கே தெரியும். பத்து லாரிக்காரருக்குக் காட்டுகிற அந்தப் பெருந்தன்மையில் ஒரு துளி ஒற்றைக் கார்க்காரருக்கும் காட்டக் கூடாதா?

நாங்கள் போன வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதல் தடவை, எஞ்சினுக்குக் கம்பெனி ரசீது கொண்டுவா என்றார்கள். கான்டெஸா நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அம்பாசிடரும் 2014இல் நின்றுவிட்டது. எந்தக் கம்பெனியின் வாசலில் போய் நிற்பது? இரண்டாவது தடவை வேறொருவர், எஞ்சின் திருட்டு இல்லை என்று போலீஸ் சான்று போதும் என்றார். வாங்கிப் போனோம். மூன்றாவது தடவை, எஞ்சினைக் கொடுத்த வண்டியின் ஆர்.சி.யை முதலில் ரத்து செய்து வா என்றார்கள். மூன்றும் நியாயமாகவே இருக்கட்டும். மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே! என்னென்ன காகிதம், என்ன கட்டணம், எத்தனை நாள் என்று தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு பெயின்ட் செலவாகும்? வழி தெரியாததால்தான் பையன்கள் பழைய எஞ்சினின் நம்பரையே புதியதில் கொத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள். அது குற்றம். அந்த வண்டி ஒருநாள் இடித்தால் இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்.

எங்கள் பக்கமும் ஒரு தப்பு உண்டு. அனுமதி கைக்கு வந்த பிறகு இறக்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாயிற்றே, மழைக்கு முன் முடிப்போம் என்று அவசரப்பட்டுவிட்டோம். அதனால் வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. பையன் தினமும் சாயங்காலம் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் கேட்டுவிட்டு அணைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை.

விரிந்த பழைய எஞ்சின் என் வீட்டு வாசலில் கோணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் நம்பர்தான் இன்றுவரை ஆர்.சி.யில் இருப்பதால் கையெழுத்து ஆகும்வரை அதை இரும்புக்கடைக்குப் போடவும் பயம். வரும் புதன்கிழமை நாலாவது தடவையாகப் போகிறோம். கோலம் போட இடம் இல்லை என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஞ்சின் ஃபிட்டர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.