இணையவழிக் கணக்கீடு: பணம் கட்டுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே இணையவழியில் கணக்குப்பதிவு படிக்க முன்வருவது நல்ல விடயம். ஆனால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் வேண்டுமென்றால், பணம் கட்டுமுன் இரண்டைப் பாருங்கள்: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தக் கற்கைநெறி தனியே அங்கீகாரம் பெற்றதா. பதிவை மட்டும் காட்டினால் போதாது.

காணொளி பார்த்துக் கணக்கு கைவராது. ஒரு கடையின் ஒரு மாதப் பற்றுச்சீட்டுகளைக் காசு வந்ததும் போனதும் எழுதும் காசேட்டில் பதிந்து, கணக்குவாரியாகப் பிரித்தெழுதும் பேரேட்டுக்கு மாற்றி, வரவு (debit) மீதிகளின் கூட்டுத்தொகையும் செலவு (credit) மீதிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றா என்று பார்க்கும் பரீட்சை மீதி எடுக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை 9 ஆல் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,400 ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தின் பாதித்தொகை ஏட்டில் இருந்தால், வரவில் போடவேண்டியது செலவில் விழுந்திருக்கக்கூடும். ஆனால் ஒரு சீட்டு முழுதாக விடுபட்டால் பரீட்சை மீதி அதைக் காட்டிக்கொடுக்காது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது, காசேட்டையும் வங்கிக்கூற்றையும் ஒத்துப்பார்க்கும் வங்கிக் கணக்கிணக்கத்தில்தான். வங்கிக்கூற்றில் செலவு மீதி என்றால் எங்கள் காசேட்டில் அது வரவு மீதி. வங்கிக் கட்டணத்தை முதலில் காசேட்டில் பதியுங்கள். எழுதிக் கொடுத்தும் வங்கிக்கு இன்னும் போகாத காசோலைகளைப் பிறகு இணக்கக்கூற்றில் காட்டுங்கள்.

கணக்கீட்டுப் போதனாசிரியர்கள்,
கிளிநொச்சி.