வீடுகளைப் பத்தி எழுதுனீங்க, கண்மாய்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல செட்டிநாட்டு வீடுகளைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். ஆத்தங்குடிக் கல்லு, பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுன சுவருன்னு நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா மனசுல ஒரு குறை. செட்டிநாடுன்னா வீடு மட்டும்தானா? வயலும் கண்மாயுமா (ஏரியத்தான் எங்க பக்கம் கண்மாய்னு சொல்வோம்) இருந்த எங்க ஊருங்க என்ன ஆச்சுன்னு யாருமே எழுத மாட்டேங்கிறீங்க.

நான் பொறந்து வளந்தது காரைக்குடிக்குப் பக்கத்துல இருக்குற சாக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரு. வானம் பாத்த பூமி. ஆவணி புரட்டாசியில புழுதியிலயே நெல்லை வெதச்சுட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்போம், மழை நல்லாப் பிடிச்சுக் கண்மாய் பெருகிடுச்சுன்னா தை மாசம் வீட்டுல நெல்லு. எங்க கண்மாய் நெறஞ்சு, மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கு பாஞ்சா அந்தத் தண்ணி அடுத்த ஊரு கண்மாய்க்குப் போகும், அது நெறஞ்சு அதுக்கடுத்த ஊருக்கு. ராத்திரியில கலுங்கு பாயுற சத்தம் கேட்டா எங்க அப்பத்தா எந்திரிச்சு உக்காந்து கும்பிடும். மடை தொறக்க நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருந்தாரு, எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு அவரு சொல்றதுதான், எங்க ஐயா ஊருக்கே கோவக்காரரு, அவரே அந்த மனுசன்கிட்ட எதுத்துப் பேச மாட்டாரு. அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே அவரு பங்கை மரக்கால்ல அளந்து குடுத்துட்டுத்தான் மிச்ச நெல்லு வீட்டுக்கு வரும்.

கோடையில கண்மாய் வத்துனா மீன்பிடி. தண்டோரா போட்டுருவாங்க. கரையில எல்லாரும் மீன் பிடிக்கிற கூடை, அந்த ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு நிப்போம், துண்டை வீசுன ஒடனே மொத்த ஊரும் சேத்துக்குள்ள எறங்கும், ஊத்தாவைக் குத்திக்கிட்டே போவோம், உள்ள விரால் முட்டுச்சுன்னா கையில தெரியும் பாருங்க, அந்த சந்தோசம் எனக்கு வேற எதுலயும் கெடைச்சதில்ல. அன்னைக்கு எந்த வீட்டுப் பக்கம் போனாலும் மீன் கொழம்பு வாசம்தான்.

நெல்லு மூட்டை ஏத்துன வண்டிங்க வரிசையா புதுவயல் ரைஸ்மில்லுக்குப் போகும். எங்க கடைவீதியில உரக்கடை, கொல்லுப்பட்டறை, லாடம் அடிக்கிற எடம், டீக்கடைன்னு எல்லாம் அந்த அறுப்புக் காச வச்சு ஓடுனதுதான். இப்ப ஒரு டீக்கடை மட்டும் இருக்கு. பயலுக சிங்கப்பூர், துபாய், திருப்பூர்னு போயிட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், வெளையாத நெலத்துல என்னத்தப் பண்ணுவாங்க?

மழை இல்ல, அதான் இப்படி ஆயிருச்சும்பாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மழை கொட்டுன வருசத்துலயும் கண்மாய்க்குத் தண்ணி வந்து சேரல, ஏன்னா கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் இல்ல. பாதியைப் பிளாட் போட்டுட்டாங்க, மீதி தூந்து போச்சு. மேட்டுல தைலமரம், கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற உள்வாய் பூரா சீமைக்கருவேலம். 2017-ல மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவு போட்டப்ப எல்லாப் பக்கமும் வெட்டுனாங்க, அப்புறம் அதுக்குத் தடை வந்துச்சு, எங்க கண்மாய்ல வேரோட பிடுங்காம மேலாக்க வெட்டி விட்டதெல்லாம் முன்னைவிட அடர்த்தியாத் தழைச்சிருச்சு. தூர் வார்றோம்னு வந்தவங்களும் கண்மாய் நடுவுல பள்ளம் தோண்டி மண்ணை லாரியில அள்ளிட்டுப் போனாங்க, தண்ணி வர்ற வழியை ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

2014-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய எடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல செட்டிநாடு வந்தப்ப நாங்களும் சந்தோசப்பட்டோம். வீடுகளைப் பாக்க வெளிநாட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க, வரட்டும். ஆனா கூரையில விழுற மழையையும் தெருவுல ஓடுற மழையையும் ஊருக்குள்ள இருக்குற குளம், அந்த ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேத்தாங்களே, அந்தப் பெரியவங்க தண்ணிக்கு வாட்டம் பாத்துத்தான் ஊரையே அமைச்சாங்க. அதை விட்டுட்டுத் தூணையும் தரையையும் மட்டும் போட்டோ எடுத்தா எப்படிங்க?

அதனால உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்குறேன். வர்ற ஐப்பசியில மழை பெய்யுறப்ப ஒரு நிருபரை அனுப்புங்க. கிராம வரைபடத்துல எங்க வரத்துக்கால் இன்னமும் கோடு போட்டு இருக்கு. அதைக் கையில வச்சுக்கிட்டு ஒரு கண்மாய்ல இருந்து அடுத்த கண்மாய் வரைக்கும் நடந்து பாத்து, எங்கெங்க அடைச்சிருக்குன்னு படத்தோட போடுங்க. மடை தொறந்த பெரியவங்க சில பேரு இன்னும் எங்க பக்கம் இருக்காங்க, கூட வந்து காட்டுவாங்க, நானும் வர்றேன்.

இப்படிக்கு,
சாக்கோட்டை வட்டார வாசகர்