தண்டனை விசாரணைக்குப் போகும் முன்: பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) பற்றிச் சில குறிப்புகள்

குழுவில் உள்ள வழக்கறிஞர் நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு திருட்டு வழக்குகளில் ஆஜராகும் ஜூனியர்கள் பி.என்.எஸ். 303(2)-இன் வரம்புரையை (அந்தப் பிரிவோடு சேர்த்துள்ள விதிவிலக்கை) கட்டாயம் படியுங்கள். பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் கீழ், முதல்முறை தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திருப்பித் தரப்பட்டது. இம்மூன்றும் இருந்தால் சமூக சேவைதான் தண்டனை, சிறை கிடையாது. ஆகவே மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணத்தில்) மதிப்பு என்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலிலேயே பாருங்கள். பழைய செல்போனுக்குப் புது விலை போட்டிருந்தால் குறுக்கு விசாரணையிலேயே கேட்டுவிடுங்கள். பொருள் ஒப்படைக்கப்பட்டதும் பதிவில் ஏற வேண்டும். தீர்ப்பு நாளில் வாய்மொழியாகச் சொன்னால் எடுபடாது.

பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை (355), அவதூறு (356) ஆகியவற்றிலும் சமூக சேவை கேட்கலாம். அங்கே அது நீதிமன்றத்தின் விருப்புரிமை.

பி.என்.எஸ். நடைமுறைக்கு வந்த 01.07.2024-க்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) தான். கூடுதல் தண்டனையைப் பின்னோக்கித் திணிக்க அரசியலமைப்பின் 20(1) இடம் தராது. தண்டனை குறையும் இடத்தில் தண்டனையைக் குறைக்கும் புதிய சட்டத்தின் பலனைப் பழைய குற்றத்துக்கும் தரலாம் என்ற ரத்தன் லால் (1965) தீர்ப்பைக் காட்டி வாதாடலாம் என்பது என் கருத்து.

விசாரணைக் கைதிகளுக்கு பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479: முதல்முறை குற்றவாளி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுதலை. தூக்கு, ஆயுள் வழக்குகளுக்கும் வேறு வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப்போடுவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவர் போடாவிட்டால் நாம் போடுவோம். தகுதியுள்ள கட்சிக்காரர் ஒருவரும் உள்ளே கிடக்கக் கூடாது.