மஞ்சள்தானே, செவப்பு வந்தா பாப்போம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிச்சுக் குடுக்குறேன், பொறந்து வளந்ததும் தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீட்டுல, லயத்துலதான். மழைக்காலம் வந்தா உங்க பத்திரிகையில "பதுளை மாவட்டத்தின் சில பிரிவுகளுக்கு மஞ்சள் எச்சரிக்கை"ன்னு ஒரு பெட்டிச் செய்தி வரும்ல, அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனாலும் குறைக்காம போடுங்க.

மண்சரிவு எச்சரிக்கைய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூணு கட்டமா போடுறாங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழை தாண்டுனா மஞ்சள், கவனமா இருங்கங்கிறது. 100 தாண்டுனா செம்மஞ்சள், கெளம்ப தயாரா இருங்க. 150 தாண்டுனா, இல்லாட்டி ஒரு மணித்தியாலத்துலயே 75 கொட்டுனா செவப்பு, வெளியேறுங்க. மழைய மட்டும் இல்ல, அந்தந்த எடத்து நெலமையயும் பாத்துத்தான் போடுறாங்க. நல்ல ஏற்பாடு, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. என் கவலையெல்லாம் அந்த மூணு கலர் நம்ம சனங்க மனசுக்குள்ள போய் என்னவா மாறுதுங்கிறதுதான். மஞ்சள்னா "ஒண்ணும் இல்ல", செம்மஞ்சள்னா "பாப்போம்", செவப்புன்னாத்தான் "ஐயோ"ன்னு ஆகிப்போச்சு. கவனமா இருன்னு சொன்ன கலரே பயமில்லாம படுத்துத் தூங்குன்னு சொல்ற கலரா மாறிருச்சு, இத நான் கண்ணால பாத்தவ.

சில வருஷத்துக்கு முன்னாடி நவம்பர்ல ஒரு வாரமா விடாத மழை. ஒரு நாள் சாயந்தரம் போன்ல மஞ்சள்னு வந்துச்சு, அதுவும் சிங்களத்துல, பக்கத்துல ஒரு தம்பிதான் வாசிச்சு சொன்னான். ராத்திரி எட்டு மணி போல அம்மா மலைத்தண்ணி வந்து விழுற பீலிக்கு தண்ணி எடுக்கப் போய்ட்டு வெறும் கொடத்தோட திரும்பி வந்துச்சு. ஏம்மான்னு கேட்டா, தண்ணி செம்மண்ணா வருது, மொகந்து பாத்தேன் அடியில சேறு தங்குதுன்னுச்சு. 30 வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்த மனுஷி, அந்த மலைய அதுக்கு தெரியும். கெளம்புங்கன்னு வாசல் வாசலா போய் சொல்லுச்சு. பக்கத்து காம்பரா அண்ணன் போனை காட்டி, "அக்கா மஞ்சள்தானே போட்டுருக்கான், செவப்பு வந்தா நானே எழுப்புறேன், போய் படுங்க"ன்னாரு. அவரு கெட்டவரு இல்ல, அம்மா மேல உண்மையான அக்கறையிலதான் சொன்னாரு. அம்மா கேக்கல, எங்கள இழுத்துக்கிட்டு கோயில் மடுவத்துக்கு போயிருச்சு, அஞ்சு குடும்பம் பின்னாலயே வந்துச்சு, மத்தவங்க வரல. விடியக்காலம் மூணு மணிக்கு லயத்துக்கு பின்னாடி மண் எறங்கி ரெண்டு வீட்டு குசினி மூடிப்போச்சு. முன் காம்பராவுல படுத்திருந்ததால உயிருக்கு ஒண்ணும் ஆகல, அது கடவுள் செயல். செவப்பு வந்தது காலையில எட்டு மணிக்கு, நாங்க மண்ணை தோண்டி அண்டாவையும் அரிசி மூட்டையையும் வெளிய எடுத்துக்கிட்டு இருந்தப்ப.

கலர் போட்டவங்கள நான் குத்தம் சொல்ல வரல. அந்தக் கலர் ஒரு முழு பிரதேச செயலாளர் பிரிவுக்கு போடுறது, எங்க லயத்துக்கு பின்னாடி இருக்குற மண்திட்டுக்கு தனியா போடுறது இல்ல. பீலித் தண்ணி கலங்குறது, தரையில வெடிப்பு விடுறது, மரமோ கரண்ட் போஸ்ட்டோ சாயுறது, இல்லாத எடத்துல புதுசா ஊத்து கெளம்புறது, இதெல்லாம் அந்த நிறுவனமே பாக்கச் சொல்ற அறிகுறிங்கதான். ஆனா போன்ல ஒரு கலர் வந்துட்டா கண்ணு அதுலயே நின்னுருது, மலைய யாரும் பாக்குறதில்ல.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு மழை அளக்க சொல்லிக் குடுக்க நேரான போத்தல் ஒண்ண வெட்டி, அடிமட்டம் ஒட்டி, நான்தான் 75ல மஞ்சள் கோடும் 100ல செம்மஞ்சளும் 150ல செவப்பும் கீறி வச்சேன். ரெண்டு வாரத்துல ஏழாம் ஆண்டு புள்ள ஒண்ணு ஓடி வந்து, "டீச்சர் 71தான், இன்னும் மஞ்சளே வரல, பயமில்ல"ன்னு சந்தோஷமா சொல்லுது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. 71க்கும் 75க்கும் நடுவுல 4 மில்லிமீட்டர், அந்த மண்ணுக்கு அது தெரியுமா? அதுலயும் பத்து நாளா ஊறிக் கெடக்குற மண்ணுக்கு? அன்னைக்கே அந்தக் கலர் கோடுங்கள எல்லாம் சுரண்டி எடுத்துட்டு நம்பர மட்டும் விட்டேன், தினம் ஒரு கொப்பியில எழுதச் சொன்னேன். இப்ப அதே புள்ளைங்க நேத்து எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவுன்னு கூட்டிப் பாக்குதுங்க. போத்தல் அதேதான், கோடு இல்லாததாலதான் யோசிக்கிறாங்க.

கோடு எங்க இருந்தாலும் இதே கதைதான். சாதாரணதரப் பரீட்சையில 35 எடுத்தா எஸ், அதாவது பாஸ், 34ன்னா டபிள்யூ, அதாவது பெயில். ரெண்டு புள்ளைக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான், ஆனா 34 எடுத்த புள்ளைய வீட்டுல "கணக்குல பெயில்"னு முத்திரை குத்திடுறாங்க, அடுத்த வருஷம் அது புத்தகத்தையே தொறக்க மாட்டேங்குது. எங்க தோட்டத்துல 18 கிலோ கொழுந்துக்குத்தான் முழுப்பேரு, அதாவது முழு நாள் சம்பளம், 17 கிலோ எடுத்தா அரைப்பேருதான். அந்த ஒரு கிலோவுக்காக கொட்டுற மழையில சரிவுல நிக்கிற பொம்பளைங்கள போய் பாருங்க. மஞ்சளுக்கு வேலைய நிப்பாட்டுறது இல்ல, செம்மஞ்சளுக்கும் பெரும்பாலும் இல்ல. வெளியேறிப் போனா அன்னைய பேரு போச்சு. அப்ப செவப்பு வரைக்கும் இருப்போம்னு அவங்க நெனைக்கிறது அறியாமையால இல்ல ஆசிரியரே, வயித்துப்பாட்டால. எச்சரிக்கைக்கு ஒரு கோடு, பேருக்கு ஒரு கோடு, ரெண்டுக்கும் நடுவுலதான் அவங்க கணக்குப் போட வேண்டியிருக்கு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்துல நடந்த மண்சரிவ யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அது ஆபத்தான எடம்னு 2005லயும் 2011லயும் சொல்லியிருந்தாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப செவப்பே போட்டாங்க, ஆனா அதுக்குள்ள எத்தனையோ எடத்துல கரண்ட் இல்ல, போன் இல்ல, ரோட்டுல மண்ணு. செவப்பு வந்தப்புறம் கெளம்பலாம்னு இருந்தவங்க எந்த வழியில கெளம்புறது? நடந்து போக வழி இருக்குறது மஞ்சள் நேரத்துலதான்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். இனிமே மஞ்சள் எச்சரிக்கைன்னு வெறுமனே போடாதீங்க. பிரிவு பேருக்குப் பக்கத்துலயே எத்தனை மில்லிமீட்டர் பெஞ்சிருக்கு, அதுக்கு முந்தின மூணு நாள்ல எவ்வளவுன்னு போடுங்க. கீழ ஒரு வரி, "பீலி கலங்கினாலோ வெடிப்பு கண்டாலோ கலரைப் பாக்காம வெளியேறுங்க"ன்னு பெரிய எழுத்துல போடுங்க, தினமும் போடுங்க, படிச்சுப் படிச்சு அலுத்தாலும் பரவாயில்ல. அப்புறம் தொழிற்சங்கத்துக்காரங்களும் தோட்ட நிர்வாகங்களும் உங்க பத்திரிகைய பாக்குறாங்க, செம்மஞ்சள் போட்ட நாளுக்கு கிலோ பாக்காம முழுப்பேரு குடுங்கன்னு அவங்ககிட்ட நீங்க கேளுங்க. நாங்க கேட்டா "பாப்போம்"னு சொல்லி அனுப்பிடுறாங்க.

எங்க பக்கம் மூணு நாளா மழை விடல. புள்ளைங்க கொப்பியில முந்தாநாள் 39, நேத்து 61, இன்னைக்கு காலையில 48 மில்லிமீட்டர்னு இருக்கு. ஒரு நாள்கூட 75 ஆகல, போன்ல எந்தக் கலரும் வரல. பீலிய போய் பாத்துட்டு வந்துதான் இத எழுதி முடிக்கிறேன், இப்போதைக்கு தண்ணி தெளிவா ஓடுது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஹப்புத்தளை.