பூகிஸ் மழையில் என் கதையைக் காப்பாற்றிய அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் எங்கள் அறிவியல் புனைகதை வாசிப்பு. 20 பிரதி எடுத்துக்கொண்டு ஓடினேன். பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பை கிழிந்து, தாளெல்லாம் ஈரத் தரையில்.

நான் கூப்பிடவே இல்லை, நீங்களாகவே குனிந்தீர்கள் அண்ணே. தோளில் கிடந்த துண்டால் ஒவ்வொரு தாளையும் ஒற்றியெடுத்து, பக்க எண் பார்த்து அடுக்கினீர்கள். ஏழாம் பக்கத்தில் கை நின்றது. “செவ்வாய் கிரகத்துல மழை பெய்யுமா தம்பி?”

இப்போது பெய்யாது, அங்கே காற்று ரொம்ப மெல்லிசு, தண்ணீர் தங்காது. கதையில்தான் 300 வருஷம் கழித்துப் பெய்கிறது என்றேன். “அப்ப சரி” என்று உங்கள் குடையையும் கையில் திணித்துவிட்டு நனைந்தபடியே போய்விட்டீர்கள்.

அன்று எல்லார் கையிலும் இருந்தது நீங்கள் துடைத்த தாள்தான். ரொம்ப நன்றி அண்ணே. கைப்பிடியில் நீல டேப் சுற்றிய அந்தக் குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மீதிக் கதையையும் தர வேண்டும்.