இந்த வாரம் குரோக்கஸ்
எல்லாருக்கும் வணக்கம், இந்த வாரம் வரையறதுக்கு குரோக்கஸ் எடுத்திருக்கோம், குங்குமப்பூ கிடைக்கற செடியும் ஒரு குரோக்கஸ்தான். 1886ல ஜார்ஜ் மா (George Maw) குரோக்கஸ் பத்தி லண்டன்ல வெளியிட்ட புத்தகத்தோட படங்கள் சிலத கீழ போட்டிருக்கேன். டைல்ஸ் தயாரிச்சவர் இவரு, ஆனா செடிய ஊர் ஊரா தேடிப்போய் கொண்டுவந்து இங்கிலாந்துல தன் தோட்டத்துல வளத்து படத்தையும் தானே வரைஞ்சிருக்காரு. பூவ மட்டும் பாத்துட்டு போயிடாதீங்க ப்ளீஸ், அடியில கிழங்கு மேல இருக்கற தோல ஜூம் பண்ணுங்க, ஒண்ணுல நார் வலை மாதிரி பின்னியிருக்கும், இன்னொண்ணுல வளையம் வளையமா உரியும், எந்த வகைன்னு சொல்றதுக்கு அது ரொம்ப முக்கியமான அடையாளம், அதையும் விடாம எவ்ளோ நுணுக்கமா வரைஞ்சிருக்காரு, எனக்கு பூவ விட அதுதான் அழகு. ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க படத்த அனுப்புங்க, கண்டிப்பா கிழங்கோட சேத்து வரையுங்க.