கலைக்கப்பட்ட மொன்ஷாவ் மாவட்டம்: தமிழ்க் கலைக்களஞ்சிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜிய எல்லையை ஒட்டி இருக்கும் சிம்மராட், ரோட்கென், மொன்ஷாவ் ஆகிய ஊர்களைப் பற்றி எழுத வரும்போது, "ஆஃகன் மாவட்டத்து ஊர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. அந்த வரி இன்றைக்கும் பொருந்தாது, 1972க்கு முந்தைய நிலைக்கும் பொருந்தாது. ஆஃகன் மாவட்டம் 2009 அக்டோபர் 21 அன்று கலைக்கப்பட்டு, ஆஃகன் நகரையும் சேர்த்து 10 உள்ளாட்சிகள் கொண்ட ஆஃகன் நகர்ப்பிராந்தியம் ஆகிவிட்டது. 1971 டிசம்பர் 31 வரை இவ்வூர்கள் இருந்ததோ மொன்ஷாவ் என்ற தனி மாவட்டத்தில். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அந்த மாவட்டத்துக்குத் தமிழில் தனிக்கட்டுரை எழுதுங்கள். ஊர்க்கட்டுரைகளில் மாவட்டத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இவ்விரண்டையும் கேட்கத்தான் இந்த மடல்.

தொடக்கத்தில் குழப்பம் குறைவு. பழைய யூலிக் கோமகனாட்சியைச் சேர்ந்த இப்பகுதி, பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரோயர் மாநிலத்தில் இருந்தது. வியன்னா மாநாட்டில் பிரஷ்யாவுக்குப் போனது. 1816இல் பிரஷ்யா இங்கே ஒரு மாவட்டம் அமைத்தது. அன்று ஊருக்கும் மாவட்டத்துக்கும் பெயர் மோன்ஜ்வா. 1918இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆணையால்தான் அது மொன்ஷாவ் ஆயிற்று. ஆகவே 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் மொன்ஷாவ் மாவட்டம் என்று தேடினால் கைக்கு எதுவும் சிக்காமல் போகலாம். மோன்ஜ்வா என்ற பெயரிலிருந்து கட்டுரைக்கு ஒரு வழிமாற்று கட்டாயம் வையுங்கள்.

மிகுதியான பிழைகள் நுழையும் இடம் 1920. வெர்சாய் ஒப்பந்தப்படி பெல்ஜியத்துக்குப் போனவை பக்கத்து மாவட்டங்களான ஆய்ப்பனும் மால்மெடியும். மொன்ஷாவ் மாவட்டம் ஜெர்மனியிலேயே தங்கியது. ஆனால் ஃபென்பான் என்ற ரயில்பாதை மட்டும் பெல்ஜியத்தின் கைக்குப் போனது. 1885இல் ஆஃகனிலிருந்து மொன்ஷாவ் வரை திறக்கப்பட்ட இந்தப் பாதை பின்னர் தெற்கே நீண்டது. ஆய்ப்பன் பக்கத்தையும் மால்மெடி பக்கத்தையும் தண்டவாளத்தால் இணைக்க பெல்ஜியத்துக்கு வேறு வழி இல்லை. பாதையோ ரோட்கென், லாம்மர்ஸ்டோர்ஃப், கோன்ட்சென், கால்டர்ஹெர்பெர்க் என்று மொன்ஷாவ் மாவட்டத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. அதனால் தண்டவாளம், அதன் கரை, நிலைய மனைகள் எல்லாம் பெல்ஜிய மண் ஆயின. பாதைக்கு மேற்கே இருந்த ஜெர்மானிய நிலம், குறுகலான ஒரு பெல்ஜியக் கீற்றால் தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவுகளாகிவிட்டது.

இன்று அத்தகைய தீவுகள் ஐந்து: மியூன்ஸ்டர்பில்ட்கென், ரோட்கென் காடு, ரியூக்ஷ்லாக், மியூட்சனிக், ருயிட்ஸ்ஹோஃப். இவற்றில் பெரியது மியூட்சனிக். ரயில் நின்று, தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, பாதை இன்று மிதிவண்டித் தடமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கீற்று பெல்ஜியத்தினுடையதே. வரைபடம் வரைவோர் இங்கே தடுமாறுவது இயல்பு. 1920க்கு முந்தைய மாவட்டப் படத்தில் இந்தக் கீற்று இருக்கக் கூடாது. அதற்குப் பிந்தைய படத்தில் விடுபடக் கூடாது. படத்தின் கீழே "மொன்ஷாவ் மாவட்டம்" என்று மட்டும் குறிப்பது போதாது. எந்த ஆண்டின் எல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். 1949 ஏப்ரல் 23 முதல் 1958 ஆகஸ்ட் 28 வரை ரோட்கென் அருகிலுள்ள ஃபிரிங்ஸ்ஹவுஸ், கால்டர்ஹெர்பெர்க் அருகிலுள்ள லைகவுல் போன்ற சிறு துண்டுகளும் பெல்ஜிய நிர்வாகத்தில் இருந்து, 1956இல் கையெழுத்தான உடன்படிக்கையால் திரும்பி வந்தன. 1950ஆம் ஆண்டுப் படம் வரைபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

போர்க்காலத்தை எழுதும்போதும் மாவட்டத்தின் பெயர் விடுபட்டுவிடுகிறது. 1944 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கப் படை நுழைந்த முதல் ஜெர்மானிய ஊர் ரோட்கென். அது மொன்ஷாவ் மாவட்டத்து ஊர். அதே ஆண்டு நவம்பரில் ஹியூர்ட்கென் காட்டுச் சண்டையில் நொறுங்கிப்போன ஃபோசனாக், ஷ்மிட் ஆகிய ஊர்களும் அன்று இதே மாவட்டம்தான். இன்று அவை டூரென் மாவட்டத்தில் இருப்பதால், "டூரென் மாவட்டத்தில் நடந்த போர்" என்று பின்னோக்கி எழுதிவிடுகிறோம்.

போருக்குப் பின் இன்னொரு கண்ணி உண்டு. மாவட்டத் தலைவர்களின் பட்டியலை 1816 முதல் 1971 வரை ஒரே நிரலாகப் போடாதீர்கள். 1946இல் பிரித்தானிய ஆட்சியாளர் கொண்டுவந்த முறைப்படி, லாண்ட்ராட் என்பவர் மாவட்ட மன்றம் தேர்ந்தெடுக்கும் ஊதியமில்லாத் தலைவர் ஆனார். அலுவலகத்தை நடத்தும் பொறுப்பு ஓபர்கிரைஸ்டிரெக்டோர் என்ற அதிகாரிக்குப் போனது. 1946க்கு முன்பு ஒரு நிரல், பிறகு இரண்டு நிரல்கள்.

கலைப்பு 1971 டிசம்பர் 14 தேதியிட்ட ஆஃகன் சட்டத்தால் நடந்தது. நடைமுறைக்கு வந்தது 1972 ஜனவரி 1. கட்டுரையில் கலைப்பு நாளாக வர வேண்டியது இரண்டாவது தேதி. யூலிக், எர்கெலென்ஸ், ஷ்லைடன் மாவட்டங்களும் அன்றே மறைந்தன. மொன்ஷாவ் அப்படியே ஆஃகனோடு சேர்ந்தது என்று எழுதுவது பாதி உண்மைதான். பெரும்பகுதி ஆஃகன் மாவட்டத்துக்குப் போய் மொன்ஷாவ், சிம்மராட், ரோட்கென் என்ற மூன்று உள்ளாட்சிகளாகத் திரண்டது. ஷ்மிட் டூரென் மாவட்டத்தின் நிடெகென் நகரோடும், ஃபோசனாக் அதே மாவட்டத்தின் ஹியூர்ட்கென்வால்டோடும் சேர்ந்தன. எனவே இன்றைய மூன்று உள்ளாட்சிகளின் பரப்பையும் மக்கள்தொகையையும் கூட்டினால் பழைய மாவட்டத்தின் எண் வராது. தகவல்பெட்டியில் நிரப்ப எளிய எண் கிடைக்கிறதே என்று இதைச் செய்யாதீர்கள். மேலடுக்கையும் கவனியுங்கள்: ஆஃகனைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு வட்டாரமும் அதே 1972இல் கோடைக்காலத்தில் கலைக்கப்பட்டு கொலோனோடு இணைந்தது.

வண்டி எண் பலகையைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். 1956 முதல் மொன்ஷாவ் வண்டிகளுக்கு எம்ஓஎன் என்ற எழுத்துகள். 1972 முதல் புதிய பதிவுகளுக்கு ஆஃகனின் ஏசி. 2012இல் விதி தளர்ந்தபின் பழைய எழுத்துகள் திரும்பி வந்தன, டூரென் மாவட்டத்திலும் கூட.

குடும்ப வரலாறு தேடுவோர் இக்கட்டுரைகளை நம்பித்தான் முதல் அடி வைப்பார்கள். அவர்களுக்காக ஒரு பத்தி சேருங்கள். இங்கே குடிமைப் பதிவேடுகள் பிரெஞ்சு ஆட்சியில், 1798இல் தொடங்கின. 1805 முடியும்வரை தேதிகள் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் இருக்கும்: "ஆண்டு 12" என்றால் 1812 அல்ல, 1803 செப்டம்பர் 24இல் தொடங்கிய ஆண்டு. பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் கடந்தபின் பதிவகத்திலிருந்து ஆவணக் காப்பகத்துக்கு மாறும். அந்தக் கெடு முடியும் முன்பே தேடுவதென்றால், ஊர் இன்று எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்குள்ள பதிவகத்தைக் கேட்க வேண்டும். ஷ்மிட்டில் பிறந்தவருக்காக மொன்ஷாவுக்கு எழுதினால் காலம்தான் வீண். எழுத வேண்டியது நிடெகெனுக்கு. பதிவேடுகளின் இரண்டாம் படிகளுக்கு, டூயிஸ்பர்கிலுள்ள மாநிலக் காப்பகத்தின் ரைன்லாந்துப் பிரிவை அணுகலாம்.

ஊர்க்கட்டுரைகளில் சேர்க்க வேண்டிய வரி மிகச் சிறியது. மாதிரிக்கு: "ஷ்மிட், 1971 இறுதிவரை மொன்ஷாவ் மாவட்டம், 1972 முதல் டூரென் மாவட்டம், நிடெகென் நகரம்." ரோட்கெனுக்கு இரண்டு மாற்றங்கள் வரும்: "1971 இறுதிவரை மொன்ஷாவ் மாவட்டம், 1972 முதல் 2009 வரை ஆஃகன் மாவட்டம், அதன்பின் ஆஃகன் நகர்ப்பிராந்தியம்." முதலில் மாவட்டக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, பிறகு ஊர் ஊராக இந்த வரியைச் சேர்த்து அதனோடு இணைக்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ரைன்லாந்து ஊர் வரலாற்றில் ஈடுபாடுள்ள தமிழ் வாசகர்கள் சிலர்